நடைக் கணக்கு பிறந்த கதை

"ரெட்டையாண்ணே, ஒத்தையாண்ணே?"

ரப்பர் மரங்களைப் புது வெட்டுகளாக ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நாளில் கங்காணியிடம் அம்மா கேட்கும் ஒரே கேள்வி இதுதான். எத்தனை மரம் என்று கேட்கமாட்டார். எப்படியும் 400, 500 இருக்கும். மேடா பள்ளமா என்றும் கேட்கமாட்டார், நடந்தால் தெரிந்துவிடும். நிரை இரட்டைப்படையில் வருகிறதா ஒற்றைப்படையில் வருகிறதா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு, அந்தக் கேள்வி விளங்குவதற்குக் கணக்கு வாத்தியார் ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விஷயம் சின்னதுதான். செம்மண் ரோட்டிலிருந்து முதல் நிரையில் ஏறினால் அடுத்த நிரையில் இறங்கி ரோட்டுக்கு வரலாம். மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். நிரை 20 இருந்தால் கடைசி மரத்தைச் சீவி முடிக்கும்போது ரோட்டோரத்தில் நிற்போம். 21 இருந்தால் காட்டின் அந்தக் கோடியில், சதுப்பு ஓரத்தில் நிற்போம். வெட்டியதோடு வேலை முடிவதில்லை. விடியுமுன் சீவிய மரத்தில் பால் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டி நிற்கும். முதலில் சீவிய மரத்தில் முதலில் நிற்கும். ஆகவே பால் எடுக்கவும் முதல் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், வெட்டிய அதே வரிசையில். கோடியில் முடித்தவர் ஒரு நிரை நீளம் முழுக்கச் சும்மா நடந்து வரவேண்டும். அம்மா அதை "வெட்டி நடை" என்பார்.

அம்மாவின் கவலையைக் கணக்காகச் சொன்னால்: எல்லா இடத்தையும் ஒரே ஒரு தடவை தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், மொத்த நடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். உலகமெங்கும் கணிதத் துறையிலும் கணினித் துறையிலும் இதைப் 'பயண விற்பனையாளர் பிரச்சினை' என்கிறார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கம்பெனி ஆள், பெட்டி, பல ஊர்கள் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். பிறந்த இடம் விற்பனை என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதற்கு முன், கணக்கு எங்கே கடினமாகிறது என்று பார்த்துவிடலாம்.

எங்கள் தோட்டத்துக்கு விற்பனையாளர் என்றால் மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டி பாய்தான். அவரை ஒரு நேர் ரோட்டின் நடுவில் நிறுத்துங்கள். கிழக்கே 1 கிலோமீட்டரில் ஒரு லயம், 5 கிலோமீட்டரில் இன்னொன்று. மேற்கே 2 கிலோமீட்டரில் ஒன்று, 12 கிலோமீட்டரில் ஒன்று. எது பக்கமோ அங்கே முதலில் போவோம் என்று கிளம்பினால் கிழக்கே 1, அங்கிருந்து திரும்பி மேற்கே 2-இல் உள்ள லயம், மறுபடி கிழக்கே 5, கடைசியில் மேற்கே 12, பிறகு வீடு. கூட்டினால் 40 கிலோமீட்டர். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் 34. பாய் ஒருநாளும் முதல் வழியில் போகமாட்டார். ஆனால் கணினிக்கு முதன்முதலில் நிரல் எழுதும் பிள்ளை எழுதுவது அந்த முதல் வழியைத்தான்.

சரி, எல்லா வழியையும் எழுதிப் பார்த்து மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டால் என்ன? ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், சித்தியவான், தெலுக் இந்தான், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங், பத்து காஜா. 11 ஊர். ஈப்போவில் கிளம்பி ஈப்போவுக்குத் திரும்ப 18 லட்சத்து 14 ஆயிரத்து 400 வழிகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன வரிசையிலேயே சுற்றி வாருங்கள் என்று எந்த லாரி ஓட்டுநரும் ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். மலையும் கடலும் ரோடும் சேர்ந்து பேராக்கை ஒரு வளையமாக்கி வைத்திருப்பதால் அது முடிகிறது. அப்படி எதுவும் உதவிக்கு வராத 20 இடங்களைக் கொடுத்தால் வழிகள் சுமார் 608 கோடி கோடி. நொடிக்கு ஒரு கோடி வழியைச் சரிபார்க்கும் கணினியும் முடிக்க 190 வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 20 இடத்துக்கே இந்தக் கதி என்றால், அம்மாவின் 400 மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி பிறப்புக்கு வருவோம். இந்தக் குழந்தைக்கு உரிமை கொண்டாடும் வீடுகள் பல.

ஒரு வீடு ஜெர்மனியில். 1832-இல் பயண விற்பனையாளர்களுக்கென்று ஒரு கைநூல் வந்தது. அனுபவப்பட்ட ஒரு பழைய விற்பனையாளர் எழுதியது. வழியை யோசித்துப் போட்டால் நேரம் மிச்சம் என்று சொல்லி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஊர்களுக்குச் சில சுற்றுகளையும் வகுத்துக் கொடுத்தது. கணக்கு என்று அதில் எதுவும் கிடையாது. பிரச்சினையின் பெயருக்கு வேண்டுமானால் அது பாட்டன், பிரச்சினைக்கு அல்ல.

இன்னொரு வீடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. சதுரங்கக் குதிரை பலகையின் எல்லாக் கட்டங்களையும் ஒரு தடவை மட்டும் மிதித்து வர முடியுமா என்ற புதிரை, 9-ஆம் நூற்றாண்டிலேயே காஷ்மீரத்து ருத்ரடர் தம் 'காவ்யாலங்கார'த்தில் கவிதைக் கட்டாக்கியிருக்கிறார். காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் 'பாதுகா சஹஸ்ர'த்தில் ஒரு படி மேலே போனார். ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளைக் கட்டங்களில் நிரப்பிக் குதிரைப் பாய்ச்சலில் படித்தால் அடுத்த சுலோகம் வந்து நிற்கும். 1857-இல் அயர்லாந்தின் ஹாமில்டன் 20 முனைகள் உள்ள ஒரு வடிவத்தில் இதே மாதிரி சுற்று கண்டுபிடிக்கும் விளையாட்டை அமைத்தார். கடைக்கும் வந்தது, விற்கவில்லை. இவையெல்லாம் அழகான வேலைகள்தான். ஆனால் 'வழி இருக்கிறதா' என்றுதான் இவை கேட்கின்றன. 'எது குட்டையான வழி' என்று கேட்கவில்லை. குதிரைக்குக் கால் வலிப்பதில்லை.

நீளத்தைக் கேள்வியாக்கியவர் வியன்னாவின் கார்ல் மெங்கர். 1930 பிப்ரவரியில் ஒரு கருத்தரங்கில் 'தூதுவன் பிரச்சினை' என்று பேர் சொல்லி இதை வைத்தார். பக்கத்து ஊருக்கு முதலில் போவது என்ற விதி பொதுவாகக் குட்டையான வழியைத் தராது என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார். நம் ரொட்டி பாயின் 40-க்கு 34 கணக்குத்தான் அது. 1937-இல் அமெரிக்காவின் மெரில் ஃப்ளட் நியூஜெர்சியில் பள்ளிப் பேருந்து எந்தெந்த வீட்டு வாசலில் எந்த வரிசையில் நிற்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

அதே 1937. கல்கத்தா. எனக்கு மிகவும் பிடித்த வீடு இது.

வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் போட்டிருக்கிறார்கள் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். சணல் வியாபாரமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலநோபிஸ் வேலையை எடுத்துக்கொண்டார். எல்லா வயலையும் அளப்பதற்குப் பணம் கிடையாது. வரைபடத்தில் குலுக்கல் முறையில் சில இடங்களைப் பொறுக்கி, ஆளை அனுப்பி, அங்கே என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துவரச் சொல்வது திட்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த சணல், பாதி வயலில் தண்ணீர், நடுவே ஆறுகள். அதில் ஒருவர் நடக்கிறார்.

இங்கேதான் மகலநோபிஸ் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார். நடப்பவரின் நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார். வயலில் நின்று பதிந்த நேரம் எவ்வளவு, ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடந்த நேரம் எவ்வளவு என்று பிரித்தார். இடங்களைக் கூட்டினால் தகவல் துல்லியமாகும், ஆனால் நடையும் கூடும். எவ்வளவு கூடும்? 1940-இல் கழகத்தின் 'சங்க்யா' இதழில் வந்த கட்டுரையில் விடை எழுதினார். ஆட்கள் எப்படியும் மொத்த நடையைக் குறைத்துத்தான் போவார்கள் என்று வைத்துக்கொண்டால், ஓர் அலகு பரப்பில் சிதறிக் கிடக்கும் n இடங்களைத் தொட்டுவரும் நடை (√n − 1/√n) அலகு.

நிரூபணம் தரவில்லை. எளிதில் தெரிவதுதானே என்கிற தொனியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். கணிதக்காரர்கள் 'எளிதில் தெரியும்' என்று எழுதினால் வாசிப்பவர் ஒரு வாரம் விடுப்பு போடவேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய கிண்டல். நானும் பலமுறை முட்டியிருக்கிறேன். ஒருநாள் பள்ளியில் கரும்பலகை முன் நின்றபோதுதான் அந்தக் கோவையைச் சும்மா சேர்த்து எழுதிப் பார்த்தேன். √n − 1/√n என்பது (n − 1) ÷ √n.

இதற்கு என்ன பொருள்? ஒரு ஹெக்டேர் நிலம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 100 மீட்டர். அதில் 5 மீட்டருக்கு ஒன்றாக 20 நிரை, நிரைக்கு 20 மரம், மொத்தம் 400 மரம். முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரை ஏறி இறங்கி நடந்தால் இடையில் 399 இடைவெளி. 399 × 5 = 1,995 மீட்டர். இப்போது மகலநோபிஸ் சூத்திரத்தில் n-க்கு 400 போடுங்கள்: 20 − 0.05 = 19.95. அலகு 100 மீட்டர். 1,995 மீட்டர். துளி பிசகவில்லை.

பிசகவும் முடியாது. சூத்திரமே அதுதான். வங்காளத்துச் சணல் காட்டில் தாறுமாறாகக் கிடந்த இடங்களுக்கென்று எழுதப்பட்ட சூத்திரம், பிரித்துப் பார்த்தால், ஒழுங்காக நிரை பிடித்து நட்ட தோட்டத்தில் ஒருவர் நடக்கும் நடை. நெருக்கமாக நட்ட ஒரு ஹெக்டேரில் பால் வெட்டும் பெண் காலையில் ஒரு தடவை வாளியில்லாமலும் பிறகு ஒரு தடவை வாளியோடும் நடக்கும் நடை. (நிஜத் தோட்டத்தில் நிரைக்கு நிரை அகலமாகவும் நிரைக்குள் நெருக்கமாகவும் நடுவார்கள்; நடை கொஞ்சம் மாறும். விஷயம் மாறாது.)

உண்மையிலேயே தாறுமாறாகக் கிடந்தால்? அதைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். 1942-இல் ஜெஸ்ஸன் அமெரிக்காவின் அயோவாப் பண்ணைகளில் இதே அளவைப் பார்த்தார். 1948-இல் மார்க்ஸ் கீழ் எல்லை சொன்னார். 1949-இல் கல்கத்தாவில் எம். என். கோஷ் மேல் எல்லை சொன்னார். 1959-இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி மூவரும் நிரூபித்தே விட்டார்கள்: இடங்கள் பெருகப் பெருக, மிகக் குட்டையான நடை √n-ஐ ஒரு மாறா எண்ணால் பெருக்கியதாக ஆகிவிடும். அந்த மாறா எண் சுமார் 0.7124 என்று பிற்காலக் கணினிகள் காட்டின. மகலநோபிஸ் 1 என்று வைத்திருந்தார். ஆக, √n என்ற உடம்பு சரி, தலை மட்டும் சற்றுப் பெரிது. இடங்களை நான்கு மடங்காக்கினால் நடை இரண்டு மடங்குதான் ஆகும் என்ற அவருடைய முக்கியமான முடிவு அப்படியே நின்றது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. அதே ஹெக்டேரில் அதே 400 மரத்தைக் காற்று வீசிய விதையாகச் சிதறவிட்டால், சரியான வழி தெரிந்தவருக்கு நடை ஒன்றரை கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். நிரை பிடித்து நட்டதால் இரண்டு கிலோமீட்டர் ஆகிறது. நிரை துரைக்கும் கிராணிக்கும் எண்ணிப் பார்க்க வசதி, மரத்துக்கு வெயில் வசதி. காலுக்கு அரைக் கிலோமீட்டர் கூடுதல். ஆனால் நிரையில் வழியைத் தேடவேண்டியதில்லை, குழந்தைகூடப் போகும். சிதறலில் நடை குறைவு, வழியைக் கண்டுபிடிப்பதுதான் உலகத்துக் கணினிகளைத் திணறடிக்கிற வேலை.

ரப்பர் மரம் சிதறலிலிருந்துதான் நம்மிடம் வந்தது. அமேசான் காட்டில் அது காட்டு மரங்களுக்கு நடுவே ஒன்று அங்கே ஒன்று இங்கே நிற்கும். பிரேசிலின் பால் வெட்டுக்காரர்கள் குடிசையில் கிளம்பி நூறு, நூற்றைம்பது மரங்களைத் தொட்டுக் குடிசைக்கே திரும்பும் வளையப் பாதைகளைக் காட்டுக்குள் வெட்டி வைத்திருந்தார்கள். பயண விற்பனையாளர் சுற்று என்று பாடப்புத்தகம் வரைகிற படமும் அந்தப் பாதையும் ஒன்று. 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 நம் கோலகங்சாருக்கு வந்து நடப்பட்டன. வளையம் கழன்று நிரையானது இந்த மண்ணில்தான்.

'பயண விற்பனையாளர் பிரச்சினை' என்ற பெயர் அச்சில் முதலில் வந்தது 1949-இல், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துக்காக ஜூலியா ராபின்சன் எழுதிய அறிக்கையின் தலைப்பில். பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு வைத்த பெயர். அதற்கு ஒன்பது வருடம் முன்பே நடையின் நீளத்துக்குச் சூத்திரம் எழுதி அச்சேற்றிவிட்டார்கள், வயலில் இறங்கி நடந்த ஆட்களின் நேரக் குறிப்பை வைத்து. ஆகவே விற்பனையாளருக்குப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள், இருக்கட்டும். கணக்கைக் கொடுத்தவர்கள் சேற்றில் நடந்தவர்கள் என்பது என் கட்சி.

1954-இல் அதே ராண்டில் டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் மூவரும் அமெரிக்காவின் 48 மாநிலத்துக்கு ஓர் ஊரும் வாஷிங்டனுமாக 49 ஊர்களுக்குக் குட்டையான சுற்றைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது பெரிதல்ல, அதைவிடக் குட்டை கிடையாது என்று, எல்லா வழியையும் எண்ணாமல், கையால் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். செய்த விதம் எளிமையானது. சுற்று ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கடினமான நிபந்தனையை முதலில் விட்டுவிட்டு, எளிதான நிபந்தனைகளோடு மட்டும் குட்டையான விடையை எடுப்பது. அது தப்பாகத்தான் வரும்: மூன்று ஊர் தனியாக ஒரு குட்டிச் சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். உடனே அந்தத் தப்பை மட்டும் வெளியே தள்ளும் ஒரு வேலியைப் போட்டு மறுபடி கணக்கு. மறுபடி தப்பு, மறுபடி வேலி. கடைசியில் வரும் விடை ஒரே சுற்றாக இருந்தால், அதைவிடக் குட்டை எங்கும் ஒளிந்திருக்க இடமில்லை. இன்றைக்கும் இந்த வேலி போடும் வித்தைதான் ராஜா.

1962-இல் ஓர் அமெரிக்கச் சோப்பு நிறுவனம் 33 ஊர் சுற்றுக்கு 10,000 டாலர் பரிசு வைத்து நாட்டையே கிறுக்காக்கியது. 1972-இல் ரிச்சர்ட் கார்ப், விரைவான வழி ஒன்றும் கையில் இல்லாத 21 பிரச்சினைகளை ஒரே குடும்பமாகக் கட்டினார். எல்லா இடத்தையும் ஒரு தடவை தொட்டுத் திரும்பும் ஹாமில்டன் சுற்று அதில் ஒன்று. ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். 1976-இல் கிறிஸ்டோஃபிடீஸ், மிகக் குட்டையான சுற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது என்ற உறுதியோடு விரைவில் ஒரு சுற்றைப் போடக் காட்டிக்கொடுத்தார். அந்த ஒன்றரையைத் தலைமுடியளவு குறைக்கவே 2020 ஆகிவிட்டது.

இதற்கிடையில் எங்கள் தோட்டத்துக் கதையும் திரும்பியது. எங்கள் அக்காமார் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பதில் பேக்டரி பஸ் ஏறி, ஈப்போ, பினாங்கு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அந்த பஸ் எந்த லயத்தில் முதலில் நிற்பது என்பது ஃப்ளட்டின் கணக்கு. உள்ளே போனால், சர்க்யூட் பலகையில் ஆயிரக்கணக்கான துளைகளை எந்த வரிசையில் போட்டால் இயந்திரக் கை குறைவாக அலையும் என்பதும் அதே கணக்கு. 2006-இல் தீர்த்து முடிக்கப்பட்ட, அதுவரையில் மிகப் பெரிய நிஜக் கணக்கு ஒரு சில்லில் இருந்த 85,900 புள்ளிகள். அதிலும் போட்டது 1954-இன் வேலிதான். எத்தனை இடம் வந்தாலும் விரைவாகத் தீர்க்கும் பொதுவழி உண்டா இல்லையா என்பதற்கு 2000-ஆம் ஆண்டு க்ளே கணிதக் கழகம் அறிவித்த 10 லட்சம் டாலர் இன்னும் அப்படியே கிடக்கிறது.

பாடப்புத்தகக் கணக்கு சேர்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளரின் பெட்டி போகப்போகக் குறையும். பால் வாளி போகப்போகக் கனக்கும். ஒரே நீளமுள்ள இரண்டு வழிகளில், பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் முடிகிற வழிதான் அம்மாவுக்கு நல்ல வழி. இடைவெளியின் நீளத்தை அந்த நேரத்து வாளி எடையால் பெருக்கிக் கூட்டவேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தேன்; ரோட்டோரம் முடிப்பதற்காக நிரையின் திசையையே திருப்பி, எல்லா நிரையையும் குறுக்கே போட்டான் ஒரு பையன். சரிதான்.

அம்மாவின் வெட்டு இருந்த இடத்தில் இப்போது செம்பனை. 9 மீட்டர் முக்கோண வைப்பில் நடுகிறார்கள். ஹெக்டேருக்கு 142 மரம். அதே 142 மரத்தைச் சதுரமாக நட்டால் ஆகும் நடையைவிட, முக்கோணத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுவரும் நடை ஏழு சதவீதம் அதிகம். ஆனால் குலை வெட்டுகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு நடப்பதில்லை. ஒரு நிரை இடைவெளியில் வெட்டிய மட்டையைக் குவித்துவிட்டு, அடுத்த இடைவெளியைப் பாதையாக்கி, போகிற போக்கில் இரண்டு பக்க மரத்தையும் பார்த்துவிடுகிறார்கள். இரண்டு நிரைக்கு ஒரு நடை.